நிலாவில் ஒரு காலனி

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்து சேர்ந்துவிட்டது. நீ சென்னையிலிருந்து மெயிலில் அனுப்பியதை உன் அப்பா பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, தூறலில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து நீ ஃபோன் செய்யும்போதெல்லாம் பார்த்தாயா, ஓகேவா என்று கேட்கிறாய். நானும் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிடுகிறேன். ராப்பகலாக டியூட்டி பார்க்கிற நர்ஸ் உலகத்திலேயே அம்மா ஒருத்திதான் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாயாமே. சிரி. பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய். கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்பதுதான் மிஞ்சும், விஷயம் எங்கேயோ போய்விடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இதைக் கயலும் படிக்கலாம். அவள் அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் காட்டட்டும். ஒளிக்கிற மாதிரி இதில் ஒன்றும் எழுதப் போவதில்லை.

கயலின் அப்பா காடாம்புலியூரிலிருந்து நம் குவார்ட்டர்ஸுக்கு வந்த அன்று நீ இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பெரிய பலாப்பழம் ஒன்றைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். போன புயல் அவருடைய முந்திரித் தோப்பில் பாதியைச் சாய்த்துவிட்டுப் போன துக்கம் இன்னும் முகத்தில் இருந்தது. நான் கொடுத்த காபியைக் குடித்தார். மிச்சம் வைக்காமல் குடித்தார். அதை நான் கவனித்தேன். நான் கவனிப்பதை அவரும் கவனித்தார். கல்யாணத்துக்குச் சம்மதம் என்று முதலில் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். நான் அதெல்லாம் பாக்கறவன் கெடையாது. எங்க அண்ணன், பங்காளிங்க இருக்காங்க பாருங்க, அவுங்களுக்காகத்தான் சொல்றேன். பத்திரிகைல அண்ணாமலை நகர்னு மட்டும் போட்டுடுங்க. சொந்த ஊரு வேணாம். கிறிஸ்டியன் ஃபேமிலின்னு சொல்லிக்கிறோம். அதுக்கு மேல யாரும் தோண்ட மாட்டாங்க."

நான் உடனே "சரிங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. யோசிப்பதற்கு என்ன இருந்தது? அவர் என்னிடம் கேட்டது நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து செய்துகொண்டிருப்பதைத்தான். அன்று மாலையே உனக்கு விஷயம் தெரிந்து நீ குதித்தாய். மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கிற பெரியப்பா வீட்டு அட்ரஸ் இல்லாமல் பத்திரிகை அடிப்பதாக இருந்தால் கல்யாணமே வேண்டாம் என்றாய். அப்படியே மாதிரியும் தயார் செய்து அனுப்பிவிட்டாய். கயலின் அப்பா பின்வாங்கிவிட்டால் அவள் அந்த வீட்டுக்குள் என்ன ஆவாள் என்று நினைத்தேன். பின்வாங்காமல் அவருடைய அண்ணன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் நீ என்ன ஆவாய் என்றும் நினைத்தேன். நம் பக்கத்தில் இப்படி விரும்பிக் கட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு என்னென்ன நடக்கிறது என்பது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்குப் பேப்பர் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

சென்னையில் உன் ஆபீஸ் நண்பர்களிடம் இந்தச் சண்டையைச் சொல்லியிருக்கிறாய். காலனி என்கிற ஒரு வார்த்தைக்கா இவ்வளவு என்று அவர்கள் கேட்டார்களாம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அங்கே காலனி என்றால் பேங்க் ஆபீசர் காலனி, டீச்சர்ஸ் காலனி. வாசலில் வாட்ச்மேன் நிற்பான், போர்டில் பூங்கொடி ஏறியிருக்கும். நம் பக்கத்தில் ஊர் என்றால் ஊர், காலனி என்றால் நாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற அம்மா முதலில் எந்த ஊர் என்பாள். மேல்பட்டாம்பாக்கம் என்றால் முகம் மலரும், நெல்லிக்குப்பம் பக்கமா என்பாள். அடுத்ததாக "ஊர்லயா, காலனியா?" என்பாள். கேள்வி அவ்வளவுதான். பதிலைக் கேட்டதும் அவள் பையை நகர்த்தி வைத்துக்கொள்வாளா, இன்னும் கொஞ்சம் முறுக்கு எடுத்துக்கொள் என்பாளா என்பது அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. அதனால் நீ பேச ஆரம்பித்ததும் நான் உனக்குச் சொல்லிக் கொடுத்த பதில் "அண்ணாமலை நகர், குவார்ட்டர்ஸ்" என்பதுதான். பொய் இல்லை பார், அங்கேதானே இருந்தோம். அப்படிச் சொல்லிக் கொடுத்ததற்காக இன்றைக்கு நான் கண்ணைக் கசக்கப் போவதில்லை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீ பிறந்தநாள் விருந்துகளுக்குப் போனாய், கிரிக்கெட் ஆடினாய், யார் வீட்டு ஃப்ரிட்ஜையும் கூசாமல் திறந்தாய். அது எனக்கு வேண்டியிருந்தது.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பத்திரிகை மாதிரியைக் கையில் வாங்கியதிலிருந்து எனக்கு உன் பெரியப்பாவும் ஞாபகம் வரவில்லை, பைபிள் வசனமும் ஞாபகம் வரவில்லை. அந்தப் படம்தான் ஞாபகத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. அந்த நிலாப் படத்தின் இரண்டாம் பாகம்.

கயல் அதைப் பார்த்ததில்லை என்றாள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். முதல் பாகம் சுனாமி வந்த வருஷத்துக் கோடை விடுமுறையில் வந்தது. நீ ப்ளஸ் ஒன் முடித்திருந்தாய். கடலூரில் தமிழில் பேசுகிற இங்கிலீஷ் படம் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். பூமியில் உலோகமெல்லாம் தீர்ந்துபோய் நிலாவில் சுரங்கம் வெட்டப் போனவர்கள், அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறார்கள். அங்கே உடம்புக்கு எடை குறைவு என்பதால் அந்தப் பிள்ளைகளின் நடையே வேறு. குதிகால் தரையில் படாது. அவர்கள் வெட்டி அனுப்பும் உலோகம் பூமிக்கு வரலாம், அவர்கள் வரக் கூடாது என்று சட்டம். ஒரு பெண் சரக்குக் கப்பலில் ஒளிந்து வந்து இறங்குகிறாள். நடை காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் இரும்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு, நம்மைப்போல் தொம் தொம் என்று நடக்கப் பழகிக்கொண்டு, பூமிக்காரியாகவே வாழ்கிறாள். காவல் படையில்கூடச் சேர்ந்துவிடுகிறாள். கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நிலாவில் வளர்ந்த எலும்பு இரும்பு பூட்ஸைத் தாங்காது, முதல் நாளே முறிந்திருக்கும் என்று நான் தியேட்டரிலேயே உனக்குச் சொன்னேன். நீ வாயை மூடு என்பதுபோல என் கையில் பாப்கார்னைத் திணித்தாய். அப்படிச் சொன்னேனே தவிர, எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்திருந்தது. அவள் மாட்டிக்கொள்வாளோ என்று ஒவ்வொரு காட்சியிலும் பதறினேன். மாட்டிக்கொள்ளாமல் படம் முடிந்தபோது பிள்ளை பெற்றவள்போல் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டாம் பாகம் சிதம்பரத்துக்கு வந்தபோது நீ இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாய். பெரியப்பா கண் புரை ஆபரேஷனுக்காக நம் வீட்டில் தங்கியிருந்தார். கட்டுப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். அவரை வீட்டில் தனியாக விட முடியாது என்று நீ மேட்னி ஷோவுக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாய். கறுப்புக் கண்ணாடியோடு சினிமாவுக்குப் போகிற மனுஷனை டிக்கெட் கிழிக்கிறவன் ஒரு மாதிரிப் பார்த்தான். பெரியப்பா அவனிடம், எல்லா நட்சத்திரமும் இப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதல் பாகத்தில் அவர்கள் இருந்த இடத்துக்கு "நிலா நகரம்" என்று பேர் வைத்திருந்தார்கள். இரண்டாம் பாகத்துக்கு வசனம் எழுதியவர் வேறு ஆள்போல. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பூமியின் தலைவன் மேடையில் நின்று, காலனிக்காரர்களை உள்ளே விட்டால் நாளைக்கு நம் பக்கத்து வீட்டில் வந்து உட்காருவார்கள் என்று கத்தினான். எனக்கு முதலில் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம். பின் வரிசையில் ஒரு கும்பல் குபீரென்று சிரித்தது. தரை டிக்கெட் பக்கத்திலிருந்து யாரோ எதையோ சொல்ல, அதற்கு ஒரு சிரிப்பு. பெரியப்பா மெதுவாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நான் ஹேண்ட்பேகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த வார்த்தை நிற்கவே இல்லை. காலனிக்காரன், காலனிக்காரி, காலனியின் காற்றை நிறுத்து, காலனியை மூடு. சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதினவருக்கு அந்த வார்த்தைக்குக் கடலூர் ஜில்லாவில் என்ன அர்த்தம் என்று தெரிந்திருக்காது என்பது என் கட்சி. தெரிந்தேதான் எழுதினார், அவர் நம்ம ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பது உன் கட்சி. இன்றுவரை அதற்குத் தீர்ப்பு இல்லை.

இடைவேளையில் நான் போகலாம் என்றேன். நீ எழுந்திருக்கவில்லை. பெரியப்பாவும் எழுந்திருக்கவில்லை. "காசு குடுத்துட்டோம், நம்ம கத என்னா ஆவுதுன்னு பாத்துட்டுப் போவோமே" என்றார். நம்ம கதை என்று அவர் சாதாரணமாகச் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போதாததற்கு அவர் சத்தமாகப் பேசுகிற ஆள்.

இரண்டாம் பாதியில் அந்தக் கிழவி வருகிறாள். பூமி அரசாங்கத்தில் பெரிய மந்திரி. படம் பார்த்த யாரும் எதிர்பார்க்காதபடி, அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்துப்போய், கதவைத் தாழிட்டு, தன் நீள அங்கியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டுகிறாள். அவள் காலிலும் இரும்பு பூட்ஸ். கழற்றாதே பெண்ணே, நான் வயசுக்கு வந்த நாளிலிருந்து போட்டிருக்கிறேன், சத்தம் போடாமல் இருந்தால் உன் பேரப்பிள்ளைகளுக்கு இதே நடை தானாக வந்துவிடும், அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறாள். தியேட்டர் அவளை வண்டை வண்டையாகத் திட்டியது. நீயும் "துரோகி" என்றாய். எனக்கு மட்டும் அவள் சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அந்த இருட்டில் அவளுக்காக உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

கடைசிக் காட்சியை நீ ஆயிரம் தடவை பேசியிருப்பாய். நான் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன். பெரிய சபை. அந்தப் பெண்ணுக்குப் படைத் தலைவி பதவி கொடுக்கப் போகிறார்கள். நான் பூமியில் பிறந்தவள் என்று எல்லோர் முன்னாலும் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தலைவன் கேட்கிறான், நீ எந்த ஊர்? அவள் தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுகிறாள். ஒன்று விழுகிற சத்தம். இன்னொன்று விழுகிற சத்தம். பிறகு எழுந்து நடக்கிறாள், தம்பி. அதை எப்படிச் சொல்வேன்? இரண்டு பாகத்திலும் அவள் தன் நடையில் நடந்து நாம் பார்த்ததே இல்லை. குதிகால் படாமல், அவசரமில்லாமல், அந்தக் கல் தரைக்கு அவளைத் தாங்குகிற வேலையே இல்லை என்பதுபோல் நடந்து நடுவில் போய் நின்றாள். இவ்வளவு அழகை இத்தனை நாளாக ஒளித்தா வைத்திருந்தாள் என்று இருந்தது எனக்கு. பிரசவ வார்டில் குழந்தை வெளியே வந்து முதல் அழுகை அழுவதற்கு முன்னால் டாக்டர், ஆயா, நான் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். அந்த மாதிரி ஒரு அமைதி தியேட்டர் முழுக்க இருந்தது. அவள் தலைவனைப் பார்த்து, "காலனி" என்றாள். அவ்வளவுதான் வசனம்.

தரை டிக்கெட்டில் ஒருத்தர் விசில் அடித்தார். பிறகு நாலு பக்கத்திலிருந்தும் விசில். திரும்பிப் பார்த்தேன், பின் வரிசையில் முதலில் சிரித்த பையன்கள் நாற்காலியில் ஏறி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக நான் உருகிவிடவில்லை. வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் அதே பையன்கள் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தைக்கு ஒரு கூட்டம் கைதட்டி நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. பெரியப்பா புதுக் கண்ணில் தண்ணீர் வழிய, டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்து, கையாலேயே துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நம்ம தெருவ நெலாவுல கொண்டுபோய் வச்சிருக்கான் பாரும்மா" என்றார்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயிலுக்காக நின்றோம். நீ பேசிக்கொண்டே இருந்தாய். முதல் பாகம் அவள் மாட்டிக்கொள்வாளா என்று கேட்கிறது, இரண்டாம் பாகம் மாட்டிக்கொள்வதற்கு அவள் என்ன திருடினாள் என்று கேட்கிறது என்றாய். அதைக் கேட்டு நான் அசந்துபோனேன் என்பதை அன்றைக்கு உனக்குக் காட்டிக்கொள்ளவில்லை. பருப்பு வேகவில்லை என்பதைத் தவிர வேறு எதையும் வீட்டில் கவனிக்காத பையன் இதை எங்கிருந்து எடுத்தான் என்று இருந்தது. அப்படியே நிறுத்தியிருந்தால் உனக்கு அன்றைக்கு முட்டை தோசை கிடைத்திருக்கும். நீ நிறுத்தவில்லை.

"அந்தக் கெழவி இல்ல, அந்த மினிஸ்டரு, அவ அப்டியே உன்ன மாதிரியே பேசறாம்மா."

ரயில் போய்க் கேட் திறந்தது. நான் உங்கள் இருவரையும் விட்டுவிட்டு முன்னால் நடந்தேன். அன்றைக்கும் மறுநாளும் உன்னோடு பேசவில்லை. எதற்காகப் பேசவில்லை என்று நீ கேட்கவில்லை, உனக்குத் தெரிந்திருந்தது. படத்தையும் ஒரே வாரத்தில் தூக்கிவிட்டார்கள். முதல் பாகத்தில் சண்டை இருந்தது, இதில் அரசியல்தான் இருக்கிறது என்று ஆட்கள் வரவில்லை.

கிழவிக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் எழுந்து கதவைப் பார்த்து நகர்ந்துவிட்ட நேரத்தில் அது வந்தது. சபை காலியாகிவிடுகிறது. கிழவி தனியாக ஒரு படியில் உட்கார்ந்து தன் பூட்ஸைக் கழற்றப் பார்க்கிறாள். வரவில்லை. குனிந்து இழுக்கிறாள், வரவில்லை. கால் இரும்பின் அளவுக்கே வளர்ந்துபோயிருக்கிறது. அவள் அழவில்லை. திரும்பவும் குனிகிறாள். அதோடு படம் முடிந்தது. நான் மட்டும் நின்று பார்த்தேன். எத்தனையோ சாவைப் பார்த்தவள் நான். அந்தக் கிழவி திரும்பவும் குனிந்ததைப்போல் ஒன்று என்னை உலுக்கியதில்லை. பத்திரிகை மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த இந்த நாட்களில் அவள் குனிவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே நீ அன்று சொன்னதற்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம், நான் அவளை மாதிரிதான். ஆனால் அவளைத் துரோகி என்று சொல்லாதே. அவள் உள்ளே போய் உட்கார்ந்திருந்ததால்தான் இந்தப் பெண்ணைக் கதவுக்குள் விட ஒரு ஆள் இருந்தது. கழற்றுகிறவளின் துணிச்சல் பெரியது. போட்டுக்கொண்டு நடந்தவளின் கால்வலியும் சின்னது இல்லை. இதை நீ ஒத்துக்கொண்டால் போதும், மற்றதில் நான் உன் பக்கம் வருகிறேன்.

கல்யாணம் பண்ணிக்கொள்கிற பிள்ளைக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. அவள் சபையில் நின்று சொல்லிவிட்டாள், கைதட்டினோம். நிலாவில் இருக்கிற அவள் தெருவுக்குக் காற்றை நிறுத்தினார்களா, இல்லையா? அதைப் பற்றி மூச்சே இல்லை. தைரியமாகப் பேசுகிறவன் ஒருத்தன், அடி வாங்குகிறவன் வேறொருத்தன் என்று ஆகிவிடக் கூடாது. நீ ஊர் பேரைப் போடுகிறாய், அந்த ஊரில் இருப்பவர்களைக் கேட்டாயா? நீ கேட்கவில்லை. நான் போய்க் கேட்டேன். பெரியப்பா ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார். "பொண்ணு வூட்டு ஆளுங்க கோவத்துல நம்ம தெருவுக்கு வந்துட்டா என்னா பண்றது" என்று அவரே கேட்டார். பிறகு, "போடலன்னா மட்டும் வராம இருப்பானா, போடச் சொல்லும்மா" என்று அவரே முடித்தார். அந்தத் தெருவில் யாரும் வீரவசனம் பேசவில்லை. ஆனாலும் நான் திரும்பி பஸ் ஏறும்போது எனக்குக் கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை.

அடுத்தது கயல். அவள் உன்னைக் கட்டிக்கொள்வதால் அவளுக்கும் ஒரு ஊர் இல்லாமல் போகப் போகிறது. அவளுடைய பெரியப்பா வீட்டு வாசலை அவள் இனி மிதிக்க முடியுமோ என்னவோ. அவளை நீ ஜெயித்துக்கொண்டு வந்ததாக ஒருநாளும் நினைக்காதே, நினைத்தாலும் வாயில் வராமல் பார்த்துக்கொள். அவள் அப்பாவைச் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார வைத்து அரசியல் பாடம் நடத்தாதே. எல்லோர் முன்னாலும் அவரை மாமா என்று கூப்பிடு, அந்த ஒரு வார்த்தை உன் பாடத்தைவிட அதிகம் வேலை செய்யும். அவள் சும்மா இருக்க விரும்புகிற இடத்தில் அவளைச் சும்மா இருக்க விடு. எல்லா நாளும் எல்லா இடத்திலும் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. ஆலயத்தில் கல்யாணம் என்றாலும், அதற்கு முன்னால் ரிஜிஸ்டர் ஆபீசில் பதிந்துவிடுங்கள். சினிமாக் கதாநாயகிக்கு அது தேவைப்படவில்லை, உங்களுக்குத் தேவைப்படும். நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, பஸ்ஸில் யாராவது அதன் வாயைப் பிடுங்கினால், அது என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் இப்போதே முடிவு செய்து வைக்காதீர்கள். அது தானாகச் சொல்லட்டும்.

நேற்று மத்தியானம் ஷிஃப்ட் முடிந்ததும் கயலின் அப்பாவுக்கு நானே ஃபோன் செய்தேன். உன் அப்பா நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் அன்றைக்குச் சரி என்று சொன்னது வாய்தவறி வந்த பதில், பத்திரிகையில் எங்கள் ஊர் பேர் முழுசாக வரும் என்றேன். முழுசாக என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. கயலைக் கேட்டீர்களா என்றார். கேட்டேன், போடச் சொன்னாள் என்றேன். அவர் பக்கத்தில் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கல்யாணம் கையை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். போனால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றும் நினைத்தேன்.

"எங்க அண்ணன் வரமாட்டாரு" என்றார். "பங்காளிங்கள்ல பாதிப் பேரு வரமாட்டான். அவுங்க பேச்ச நான்தான் கேட்டுக்கணும்."

தெரியுங்க என்றேன்.

"நான் வருவேன் சம்மந்தியம்மா. கூட எத்தினி பேரக் கூட்டியாருவேன்னு தெரியாது. நான் வருவேன்."

ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அவர் என்னைச் சிஸ்டர் என்று கூப்பிடவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். அந்த மனுஷன் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, காரணமே இல்லாமல் தெருக்கோடி வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். பாதித் தோப்பு போன மனிதர், தன் அண்ணனையும் விடத் தயாராகிறார். நான் எத்தனை வருஷம் ஒரு வார்த்தையை முழுங்கிக்கொண்டிருந்தேன், அவர் ஒரே ஃபோனில் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார். மனுஷர்களை நினைத்தால் எனக்கு இப்போதெல்லாம் ஆச்சரியம்தான் வருகிறது.

இதற்குப் பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் மாதிரியை வரிவரியாகப் படித்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது. கயல் பேரை உன் பேர் அளவுக்கே போட்டிருக்கிறாய், சந்தோஷம். ஊர் வரியில் மட்டும் ஒரு தப்பு இருக்கிறது. அச்சகத்துக்காரர் மூன்று சுழி போட்டு "மேல்பட்டாம்பாக்கம் காலணி" என்று அடித்து, நம் தெருவைச் செருப்பாக்கி வைத்திருக்கிறார். இரண்டு சுழி போடச் சொல். திருத்திவிட்டு அச்சுக்குக் கொடுத்துவிடு.

அம்மா